முதுகுவலிக்கு எத்தனை சதவீதம்? தொடரும் முன்னாள் படைவீரர்களின் மேல்முறையீடு

புது தில்லி: கேரளத்தின் பாலராமபுரத்திலோ பாறசாலையிலோ வசிக்கும் முன்னாள் படைவீரர், ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வை அணுகலாம். சில கிலோமீட்டர் தள்ளி, களியக்காவிளையில் குடியிருப்பவர் சென்னை அமர்வை நாட வேண்டும். அதற்கு முன்பு துறைக்குள்ளேயே இரண்டு கட்ட மேல்முறையீடு உண்டு.

குண்டடிபட்ட காயத்தில் தகராறு குறைவு. முதுகெலும்பு வட்டு விலகலும் அடிக்கடி நழுவும் தோள்மூட்டும்தான் சிக்கல். 'பணியால் ஏற்பட்டதல்ல, பணியால் தீவிரமடையவும் இல்லை' என மருத்துவக் குழு எழுதிவிட்டால், ஊனம் எத்தனை சதவீதமாக இருந்தாலும் பயனில்லை.

இந்நிலையை மாற்றியது தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. படையில் சேரும்போது பதிவாகாத நோய், பணியால் வந்ததாகவே கருதப்படும். இல்லையென நிரூபிப்பது அரசின் பொறுப்பு. ஆனால் காயத்துக்கு இச்சலுகை முழுமையாகக் கைகொடுப்பதில்லை. பணிக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியாக வேண்டும். எனவே அன்றே பதிவான காய அறிக்கையும், ராணுவ மருத்துவமனைச் சிகிச்சைக் குறிப்பும் வக்கீலின் வாதத்தைவிட வலுவானவை. விடுமுறையில் வீட்டில் வழுக்கி விழுந்தவரின் வழக்கு பெரும்பாலும் நிற்காது.

சதவீதத்துக்காக ஏன் இத்தனை போராட்டம்? 100 சதவீத ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் ஊனக் கூறாகக் கிடைக்கும். அந்தக் கணக்கில் 20 சதவீத ஊனத்துக்கு 6 சதவீதமே. அதையே 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிட்டால் 15 சதவீதம். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இவ்வாறு உயர்த்திக் கணக்கிடும் சலுகை உண்டு என்பதை, ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பொதுவாக 20 சதவீதத்துக்குக் கீழே மதிப்பிடப்பட்டால் ஒன்றுமில்லை. 15-க்கும் 20-க்கும் இடையே ஒரு மருத்துவரின் கணிப்புதான் நிற்கிறது.

காலதாமதம் உரிமையைப் பறிப்பதில்லை. எனினும், தர்சேம் சிங் வழக்கில் (2008) 16 ஆண்டுகள் கழித்து வந்தவருக்கு, மனு தாக்கலுக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவை மட்டுமே அனுமதிக்கப்பட்டது. முன்பு தீர்ப்பாயத்துக்குப் பின் உச்ச நீதிமன்றமே வழி என்றிருந்தது. 2023 மார்ச்சில் வெளியான தீர்ப்புக்குப் பின் உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம்.

2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பொருந்தாது என அரசு அறிவித்துள்ளது.