உறக்க மூச்சுத்தடை: முகக்கவசச் சிகிச்சையின் முதல் வாரங்களைக் கடப்பது எப்படி?

கொச்சி: உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறுக்கு மருத்துவர்கள் முதன்மையாகப் பரிந்துரைப்பது 'சிபாப்' எனப்படும் காற்றழுத்தக் கருவியாகும். ஆனால், இதை வாங்கியவர்களில் பலர், முகக்கவசத்துடன் உறங்க இயலாமல் சில வாரங்களிலேயே அதை அலமாரியில் வைத்துவிடுகின்றனர். அவர்களைத் தடுக்கும் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை எளிதில் சரிசெய்யக் கூடியவையே.

இந்தி திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹிரி, 2022 பிப்ரவரி 15 அன்று தமது 69-வது வயதில் மும்பையில் காலமானார். அவரது மறைவுக்கு உறக்க மூச்சுத்தடையே காரணம் என மருத்துவர்கள் தெரிவித்தபோது, இந்நோயின் பெயரை நாட்டில் பலரும் முதன்முறையாகக் கேள்விப்பட்டனர். ஆயினும் இது அரிய நோயன்று. இந்தியாவில் பணிபுரியும் வயதினரில் சுமார் 10.4 கோடி பேருக்கு இக்கோளாறு இருக்கலாம் என டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டுள்ளனர். அவர்களில் சுமார் 4.7 கோடி பேருக்கு நோய் மிதமான அல்லது கடுமையான நிலையில் இருக்கக்கூடும் என்றும் அந்த ஆய்வு கூறுகிறது.

நோயும் கருவியும்

உறக்கத்தின்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மூச்சுப்பாதையை முழுமையாகவோ பாதியளவோ அடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. குறைந்தது 10 விநாடிகள் நீடிக்கும் இத்தகைய தடைகள் மணிக்கு 5 முதல் 15 முறை ஏற்பட்டால் லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30-க்கு மேல் கடுமையானது என வகைப்படுத்தப்படுகிறது. பலத்த குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, வாகனம் ஓட்டும்போது கண்ணயர்தல் ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன.

ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1980-ல் சிட்னியில் இச்சிகிச்சையை உருவாக்கினார். 5 நோயாளிகளிடம் கிடைத்த பலனை 1981-ல் 'லான்செட்' இதழில் அவரது குழு வெளியிட்டது. இது ஆக்சிஜன் தரும் கருவி அன்று. அறையில் உள்ள காற்றையே சீரான அழுத்தத்துடன் குழாய் வழியாக முகக்கவசத்துக்கு அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. கருவி நோயைக் குணப்படுத்துவதில்லை. அணிந்திருக்கும் நேரம் வரை மட்டுமே காக்கும்.

எத்தனை மணி நேரம்?

இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளில், இதய நோயோ பக்கவாத பாதிப்போ உடைய 2,717 பேரிடம் நடத்தப்பட்ட 'சேவ்' ஆய்வின் முடிவுகள் 2016-ல் வெளியாயின. கருவி பெற்றவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்து, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கருவியை அணிந்த நேரம் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி மட்டுமே என்பதை இம்முடிவுக்கான காரணங்களுள் ஒன்றாக வல்லுநர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம், 30 நாள்களில் 70 விழுக்காடு இரவுகளிலாவது 4 மணி நேரம் அணிந்திருப்பதை முறையான பயன்பாடாகக் கொள்கிறது. இது குறைந்தபட்ச அளவே. கனவுகள் வரும் உறக்கநிலை பின்னிரவில்தான் மிகுதி. அந்நிலையில் தொண்டைத் தசைகள் மேலும் தளர்வதால் பலருக்கு மூச்சுத்தடையும் கூடுகிறது. அதிகாலை 3 மணிக்குக் கவசத்தைக் கழற்றிவிடுபவர், அதிகம் தேவைப்படும் நேரத்தில் பாதுகாப்பை இழக்கிறார்.

பகலில் தொடங்கும் பழக்கம்

முதல் இரவிலேயே முழு நேரமும் அணிய முயன்று தோற்பதைவிடப் படிப்படியாகப் பழகுவதே சிறந்தது. முதலில், கருவியை இயக்காமல் கவசத்தை மட்டும் அணிந்து, தொலைக்காட்சி பார்த்தபடியோ செய்தித்தாள் படித்தபடியோ 20 நிமிடங்கள் இருக்கலாம். அடுத்து, கருவியை இயக்கி அவ்வாறே அமர்ந்திருக்கலாம். பின்னர் பகலில் சிறு தூக்கத்தின்போதும், அதன்பின் இரவிலும் பயன்படுத்தலாம். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல உயரும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு.

கவசத்தின் பட்டைகளைக் கருவி இயங்கும் நிலையில், படுத்தபடியே சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பொருந்தும் கவசம் படுத்ததும் நெகிழக்கூடும். காற்று கசிகிறது என்று பட்டையை இறுக்கினால், மூக்குத்தண்டில் புண் உண்டாவதுடன் கசிவும் கூடலாம். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் கவசம் வழுக்கும். ஆதலால் படுக்கும் முன் முகம் கழுவுவது அவசியம். மூக்கை மூடுவது, மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மூன்று வகைக் கவசங்கள் உள்ளன. வாய்வழியாக மூச்சு விடுபவர்களுக்கு மூன்றாவது வகை உதவும். ஒரு வகை ஒவ்வாததால் சிகிச்சையே ஒவ்வாது எனக் கருதிவிடக் கூடாது.

காலையில் முகத்தில் தெரியும் பட்டைத் தடம் குறித்துக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2023 ஜூனில் அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனின் முகத்தில் அத்தகைய தடம் காணப்பட்டது. அவர் இக்கருவியைப் பயன்படுத்துவதை வெள்ளை மாளிகை அப்போது உறுதி செய்தது.

காயலோர ஈரமும் மின்தடையும்

கொச்சியின் இடக்கொச்சி, மட்டாஞ்சேரி போன்ற காயலோரப் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதியும் காற்றில் ஈரப்பதம் மிகுதி. மூக்கு, வாய் வறட்சியைத் தவிர்க்கக் கருவியுடன் ஈரப்பதமூட்டி இணைக்கப்படுகிறது. குளிரூட்டிய அறையில் அந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று குழாயினுள் நீர்த்துளிகளாக மாறி, நள்ளிரவில் முகத்தில் சொட்டக்கூடும். கருவியைப் படுக்கையைவிடத் தாழ்வாக வைப்பது, ஈரப்பதமூட்டியின் அளவைக் குறைப்பது, குளிரூட்டியின் வெப்பநிலையைச் சற்று உயர்த்துவது ஆகியவை இதற்குத் தீர்வாகும்.

ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். எஞ்சிய நீரைத் தினமும் காலையில் கொட்டிவிட்டு, கவசத்தை மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் காயாத குழாயில் பூஞ்சை வளரக்கூடும்.

மழைக்காலத்தில் இரவில் மின்சாரம் தடைபட்டால் மூச்சு முட்டிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. கவசங்களில் மூச்சுக் காற்று வெளியேறத் துளைகள் உள்ளன. மூக்கையும் வாயையும் மூடும் கவசத்தில், கருவி நின்றதும் வெளிக்காற்றை உள்ளே விடும் தடுப்பிதழ் உண்டு. எனினும் கருவி நின்றபின் கவசத்தைக் கழற்றிவிடுவதே நல்லது. மின்தடை அடிக்கடி ஏற்படும் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு உதவும்.

கைவிடும் முன்

வயிற்றில் காற்று நிறைதல், தொடர்ந்த மூக்கடைப்பு, அழுத்தம் தாங்க முடியாத உணர்வு ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். அழுத்த அளவைத் தாமாகவே மாற்றக் கூடாது. எத்தனை மணி நேரம் அணியப்பட்டது, எவ்வளவு காற்று கசிந்தது, எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்பவற்றைப் பெரும்பாலான கருவிகள் பதிவு செய்கின்றன. அப்பதிவைக் காட்டினால் கோளாறு எங்கே என்பதை மருத்துவர் எளிதில் அறிய முடியும்.

உடல் எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மது மற்றும் தூக்க மாத்திரைகளைத் தவிர்த்தல் ஆகியவை சிகிச்சைக்குத் துணை நிற்கும். எடை கணிசமாகக் குறைந்தால் தேவைப்படும் அழுத்தமும் மாறலாம். எனவே மீண்டும் உறக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கருவியை முற்றிலும் ஏற்க இயலாதவர்களுக்குத் தாடையை முன்தள்ளும் பல் சாதனம், அறுவை சிகிச்சை போன்ற வழிகளும் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கருவியை அலமாரியில் வைத்துவிட்டுச் சிகிச்சையின்றி உறங்குவது மட்டும் அவ்வழிகளுள் ஒன்றன்று.