தலைமை ‘தைலைம’ ஆவது ஏன்?

மடிக்கணினி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் திரைவாசிப்பான் அதில் நிறுவப்பட்டிருக்கிறது. பாடநூலின் பிடிஎஃப் கோப்பையும் இறக்கியாகிவிட்டது. ஆங்கிலப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கும் அதே கணினி, தமிழ்ப் புத்தகத்தைத் திறந்ததும் ஏன் உளறத் தொடங்குகிறது என்று, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். திறன்பலகை, கைக்கணினி, செயற்கை நுண்ணறிவுச் செயலி என்று வகுப்பறைக்குள் ஆண்டுக்கொரு கருவி நுழைந்துகொண்டிருக்கும் காலத்தில் இது மிகச் சரியான கேள்வி. கருவியிலும் பழுதில்லை, அதன் குரலிலும் பழுதில்லை. கோளாறு கோப்புக்குள் இருக்கிறது. எல்லா மாணவர்களுக்கும் பொதுவான வகுப்பறை என்பது எந்தக் கருவியை வாங்குகிறோம் என்பதைவிட, பாடத்தை முதன்முதலில் தட்டச்சு செய்பவர் அதை எப்படிச் சேமிக்கிறார் என்பதில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது.

திரைவாசிப்பான் என்ற பெயர் இருந்தாலும் அது திரையில் தெரியும் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துக்குப் பின்னால் கணினி சேமித்து வைத்திருக்கும் எண்களை எடுத்துக் குரல் நிரலிடம் கொடுக்கிறது. உலகெங்கும் பயன்படும் என்விடிஏ இவ்வகை நிரல்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்தது, இருவரும் பார்வையற்றவர்கள். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் பேசும். சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வால் இன்னும் இயல்பான தமிழ்க் குரல்களும் வந்துவிட்டன. ஆகவே தமிழில் பேசத் தெரிந்த வாய் இருக்கிறது. அதற்குப் போய்ச் சேரும் எண்கள்தான் தவறானவை.

தவறு இரண்டு அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்கு பலரும் அறிந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் என்ற எண்ணின் இடத்தில் ‘அ’வின் படத்தையும், கே என்ற எண்ணின் இடத்தில் ‘ம’வின் படத்தையும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. கண்ணுக்கு அது அம்மா. திரைவாசிப்பானுக்கு எந்த மொழியிலும் இல்லாத ஓர் ஆங்கிலக் குவியல். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த ஒதுக்கீடு மாறும் என்பதால், ஒன்றுக்கு எழுதிய மாற்றி நிரல் இன்னொன்றுக்கு உதவாது.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான எண்களை வகுக்கும் யூனிகோடு 1991இல் வந்தது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதியை ஒதுக்கியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டேப், டேம் என்ற எட்டு பிட் குறியேற்றங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் ஏற்று ஆணை வெளியிட்டது. அச்சகங்கள் மட்டும் பழைய எழுத்துருக்களை விடவில்லை. பக்கம் அமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கர் யூனிகோடு தமிழை அறியாத மென்பொருள் என்பதே அதற்கு முக்கியக் காரணம். அந்தக் காரணம் காலாவதியான பின்பும் பழக்கம் நீடிக்கிறது.

இரண்டாவது அடுக்குதான் என்னை வியக்க வைப்பது. யூனிகோடிலேயே தட்டச்சு செய்த கோப்பும் பிடிஎஃப் ஆனதும் உளறக்கூடும். தமிழில் நாம் எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் ஒன்றல்ல. ‘லை’ என்ற ஒலியில் ல் முதலில், ஐ பின்னால். எழுத்திலோ இணைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ல பின்னால் வருகிறது. ‘கொ’ இன்னும் சுவையானது: ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று ஒரே உயிரொலி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. யூனிகோடு இதில் ஒலியின் பக்கம் நிற்கிறது. முதலில் க, அதை அடுத்து ‘ஒ’வின் குறி என்று சேமிக்கிறது. திரையில் காட்டும் தருணத்தில் ஒரு நிரல் குறுக்கே வந்து அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைத் தூக்கி முன்னால் வைத்து, காலைப் பின்னால் விடுகிறது. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல நிரல். நாம் விரலால் திரையை ஒருமுறை தள்ளுவதற்குள் நூற்றுக்கணக்கான கொம்புகள் இடம்மாறி அமர்கின்றன. சேமிப்பில் ஒலி, காட்சியில் வடிவம் என்ற இந்தப் பிரிவினை மிக அழகானது. ஒரே கோப்பு காதுக்கும் கண்ணுக்கும் ஒருசேரப் பொருந்துவது இதனால்தான்.

பிடிஎஃப் இந்தப் பிரிவினையைக் கலைத்துவிடுகிறது. 1993இல் அடோபி அதை வெளியிட்டபோது நோக்கம் ஒன்றே ஒன்று: எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் அச்சில் உள்ளபடியே தெரிய வேண்டும். ஆகவே அது சேமிப்பது எழுத்துகளையல்ல, எந்த உருவை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்ற கட்டளைகளை. கொம்பு இடம்மாறிய பிறகுள்ள நிலைதான் கோப்பில் உறைகிறது. எந்த உரு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல் ஒன்றை உடன் வைக்கலாம். அப்பட்டியல் உருக்களை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லுமே தவிர, மாறிய வரிசையைத் திருப்பி வைக்காது. விளைவு: ‘தலைமை’ என்ற சொல் த, இணைக்கொம்பு, ல, இணைக்கொம்பு, ம என்று வெளியே வருகிறது. முன்னால் நின்ற கொம்பு முந்தைய எழுத்தில் ஒட்டிக்கொள்ள, காதில் விழுவது ‘தைலைம’. ‘பல்கலைக்கழகம்’ இதே வழியில் ‘பல்கைலக்கழகம்’ ஆகிறது. மலை ‘மைல’ ஆகிறது. பார்க்கும் மாணவருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. கேட்கும் மாணவருக்கோ வரிக்கு வரி புதிர். பக்கத்தில் தெரியும் சொல்லின் உண்மையான எழுத்து வரிசையை மறைவாகக் கோப்பிலேயே எழுதி வைக்கவும் பிடிஎஃப் இடம் தருகிறது. பக்கம் அமைப்பவர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

கல்யாணப் பந்தியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இலை போட்டதும் உப்பு, ஊறுகாய், இனிப்பு, பொரியல், கூட்டு, அப்பளம் என்று வைத்துக்கொண்டே போய்ப் பிறகுதான் சோறு வருகிறது. அது பரிமாறும் வரிசை. உண்ணும் வரிசை வேறு. இலையைப் பார்ப்பவரின் கை சாம்பாருக்குப் பொரியல், ரசத்துக்கு அப்பளம், மோருக்கு ஊறுகாய் என்று தானாகவே போய் எடுக்கும். பரிமாறிய வரிசையில்தான் உண்டாக வேண்டும் என்று விதித்தால் முதல் வாய் வெறும் உப்பு, அடுத்தது வெறும் ஊறுகாய். பிடிஎஃப் பக்கம் பரிமாறிய இலை. எழுத்துக்குள் கொம்பு முந்துவது மட்டுமல்ல. ஓரத்துப் பெட்டிச் செய்தி பாதி வாக்கியத்தில் புகுவதும், இரண்டு பத்திகளின் வரிகள் ஒன்றோடொன்று கலப்பதும், பக்க எண் பாடத்தின் நடுவில் ஒலிப்பதும் பரிமாறிய வரிசை உண்ணும் வரிசையாகத் திணிக்கப்படுவதால்தான். பழைய எழுத்துருவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பாயசத்தை ரசம் என்று பெயர் சொல்லி வைக்கிறார்கள். முறையாகத் தலைப்பு, துணைத்தலைப்பு, பட்டியல் என்று அடையாளமிட்ட கோப்பில் உண்பவருக்கே இலை முழுவதும் கைவசமாகிறது. ஒரு விசையைத் தட்டி அடுத்த தலைப்புக்குத் தாவலாம், வேண்டாததைத் தள்ளலாம், முதலில் வினாக்களைக் கேட்டுவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம்.

அறிவியல், கணிதப் பாடங்களில் இதன் விலை இன்னும் கூடுதல். 10⁵ என்பதில் 5 அடுக்கு என்ற செய்தி கோப்பில் இல்லாமல், சற்றே மேலே தூக்கி வரைந்த சிறிய 5 மட்டும் இருந்தால் காதில் விழுவது ‘நூற்றைந்து’. லட்சம் நூற்றைந்தாகிவிட்டது என்பதை அந்த மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சூத்திரத்தைப் படமாக ஒட்டியிருந்தால் மௌனம். கணிதத்தின் கட்டமைப்பைப் பதிவு செய்வதற்கான மேத்எம்எல் மொழி 1998 முதலே இருக்கிறது. அதில் எழுதிய பின்னத்தைத் தொகுதி, பகுதி என்று பிரித்தே திரைவாசிப்பான் சொல்லும். பார்வையற்ற மாணவருக்குக் கணிதம் ஒத்துவராது என்ற நெடுநாள் தீர்ப்பை எழுதும்போது, இந்தக் கோப்புகளின் பங்கு என்ன என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

செயற்கை நுண்ணறிவு இருக்க இதெல்லாம் எதற்கு, பக்கத்தைப் படமெடுத்தால் அதுவே படித்துச் சொல்லிவிடுமே என்பது இன்று முதலில் எழும் மறுப்பு. எழுத்துணரி நிரல்கள் தமிழில் நன்றாகத் தேறியிருப்பது உண்மை. கையெழுத்துக் குறிப்பு, பழைய நூல், கடைப் பலகை ஆகியவற்றுக்கு அவை அரிய துணை. பாடநூலுக்கு அவற்றை நம்பச் சொல்வது வேறு விஷயம். இவை பிழை செய்யும்போது தயங்குவதில்லை, சரியானதைச் சொல்லும் அதே குரலில் தவறையும் சொல்லும். பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாதவரிடம்தான் அந்தப் பிழையைச் சரிபார்க்கும் பொறுப்பு விழுகிறது. தட்டச்சு செய்தவரிடம் எழுத்துகள் ஐயத்துக்கு இடமின்றி இருந்தன. அவற்றைப் படமாக்கித் தொலைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான மாணவர்கள் தனித்தனியாக ஊகித்து மீட்டெடுக்கட்டும் என்று விடுவதை முன்னேற்றம் என்று கொள்ள முடியாது. மூலத்தில் ஒருமுறை செய்ய வேண்டிய வேலையைப் பயனரின் தலையில் ஏற்றும் எந்தத் தொழில்நுட்பத்தையும் ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

பார்வையற்ற மாணவர்கள் சிலரே, அவர்களுக்காக மொத்தப் பாடநூல் பணியையும் மாற்றுவது செலவல்லவா என்பது அடுத்த மறுப்பு. சிலரே என்றாலும் உரிமை உரிமைதான். அதை ஒதுக்கிவைத்தாலும் கணக்கு தவறு. குறைபார்வை உள்ள மாணவர் பிடிஎஃப் பக்கத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். முறையான மின்னூலில் எழுத்து பெரிதாக வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கென்று தனி எழுத்துருக்கள் பெரிதாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. அவற்றுக்கான ஆய்வுச் சான்று மெலிவானது. ஆனால் எழுத்துகளுக்கு இடையேயான வெளியைக் கூட்டினால் வாசிப்பு மேம்படுகிறது என்று இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. உறைந்த பக்கத்தில் அந்த வெளியை மாணவரால் கூட்ட முடியாது. வாசிக்கும் சொல்லை வண்ணமிட்டுக் காட்டும் வசதி, ஒரு சொல்லைத் தேடும் வசதி, வேறு மொழிக்கு மாற்றும் வசதி எல்லாமே எழுத்து வரிசை சரியாக இருந்தால்தான் நடக்கும். சிறிய கைபேசித் திரையில் பாடம் படிக்கும் எந்த மாணவருக்கும் இதே கோப்புதான் வேண்டும்.

பிரெயில் இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்கப்படும். பிரெயில் வேண்டும், காதால் கேட்பது எழுத்தறிவுக்கு ஈடாகாது. எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும் விரலில் படிந்தால்தான் மாணவர் பிழையின்றி எழுதுவார். ஆனால் இன்று பிரெயில் நூலும் கணினிக் கோப்பிலிருந்துதான் பிறக்கிறது. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலைப் பின்பற்றும் தமிழ்ப் பிரெயிலில் ‘கொ’ என்பது க, அடுத்து ஒ. கொம்பு முந்துவது என்ற பேச்சே அங்கில்லை. யூனிகோடு சேமிக்கும் வரிசையும் விரல் தடவும் வரிசையும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. அதனால் சரியான கோப்பைப் பிரெயிலுக்கு மாற்றுவது எளிது. லிப்லூயி போன்ற இலவச நிரல்கள் தமிழையும் கையாள்கின்றன. ‘தைலைம’ கோப்பைக் கொடுத்தால் பிரெயிலிலும் ‘தைலைம’தான் பொறிக்கப்படும்.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பாடநூல்களையும் உதவிக் கருவிகளையும் 18 வயது வரை இலவசமாகத் தரச் சொல்கிறது. மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அணுகத்தக்க நூல்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அணுகல்தன்மைக்குக் கட்டாயமான தரங்கள் வேண்டும், வெறும் வழிகாட்டுதல்கள் போதா என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. மீதமிருப்பது அச்சகத்தோடும் மென்பொருள் நிறுவனத்தோடும் போடும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய சில நிபந்தனைகள்: யூனிகோடில் தட்டச்சு, தலைப்புகளுக்கு முறையான அடையாளம், படங்களுக்கு எழுத்து விளக்கம், சூத்திரங்களுக்கு மேத்எம்எல், பிடிஎஃப்புடன் இபப் என்ற மின்னூல் வடிவமும். இதைச் சோதிக்க நிபுணர் தேவையில்லை. புதிய பாடநூல் கோப்பு வந்ததும் அதில் ஒரு பத்தியைப் படியெடுத்துக் கைபேசியின் செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தலைமை தலைமையாகவே வந்தால் முதல் தடையைத் தாண்டிவிட்டது. வராவிட்டால் அந்தக் கோப்பை ஏற்காமல் திருப்பி அனுப்பும் அதிகாரம், பணம் கொடுப்பவரிடம் இருக்க வேண்டும். புதிய கருவிகளுக்கு ஒதுக்கும் தொகையைத் தொடும் முன் இதைச் செய்துவிட்டால், ஏற்கெனவே மாணவர் கையில் இருக்கும் கருவிகளே பாதி வேலையை முடித்துவிடும்.