பானை கேட்க, கிதார் சொல்ல
ஜாஸும் கர்நாடக இசையும் ஒரே மேடையில் சம்மணமிட்ட கதை. அதில் செம்பூருக்கும் பங்குண்டு.

2000 டிசம்பர், மும்பை. மேடையில் ஜான் மெக்லாக்ளினின் கிதார், ஜாகிர் உசேனின் தபலா, யு. ஸ்ரீனிவாஸின் மாண்டலின், செல்வகணேஷின் கஞ்சிரா. பாடுவது சங்கர் மகாதேவன். செம்பூரில் பிறந்து, டி.ஆர். பாலாமணியிடம் கர்நாடக சங்கீதம் கற்று, சாஃப்ட்வேர் வேலையை உதறியவர். ‘ரிமெம்பர் சக்தி’ குழுவின் மும்பை ஆல்பம் அப்படிப் பதிவானது.

இதன் வேர் 1975ல் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் ‘சக்தி’ குழு வாசித்த கச்சேரியே அதன் முதல் ஆல்பம். அதுவரை காதைப் பிளக்கும் மின்சார இசைக்குப் பெயர் போனவர் மெக்லாக்ளின். அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர், கிதாரையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். கமகம் பேச வசதியாக மெட்டுகளுக்கு இடையே மரம் குடையப்பட்டது. குறுக்கே அனுநாதத் தந்திகள் ஏறின.

கலவை ஒட்டியதற்குக் காரணம் எளிது. ஜாஸ் கலைஞர்கள் நாலு நாலு ‘பார்’களாக மாறி மாறி வாசிப்பார்கள். நம் தனி ஆவர்த்தனத்தில் அதன் உறவுக்காரன் குறைப்பு. கேள்வியும் பதிலும் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் எல்லோரும் கோர்வையில் கூடுவார்கள். இரண்டு மரபுக்கும் மனோதர்மம்தான் உயிர். மேற்கத்திய ‘கார்டு’களை மட்டும் அளவோடு வைத்துக்கொண்டார்கள். ராகத்தின் மேல் அவற்றை அடுக்கினால் கமகம் மூச்சுத் திணறிவிடும்.

லாபம் அதிகம் கடத்துக்கு. வழக்கமான கச்சேரியில் மிருதங்கத்துக்கு அடுத்த இடம் அதற்கு. விக்கு விநாயக்ராம் கையில் அது கிதாரிடமும் எல். சங்கரின் வயலினிடமும் நேருக்கு நேர் கேள்வி கேட்டது. அவர் மகன்தான் செல்வகணேஷ்.

மும்பைக்கும் இது புதிதல்ல. 1978ல் இங்கு தொடங்கிய ‘ஜாஸ் யாத்ரா’ விழாவிலேயே இரு உலகங்களும் சந்தித்தன. ஆனால், விழாச் சந்திப்பு வேறு, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசிப்பது வேறு. அருகருகே உட்கார்ந்து, அடுத்தவர் விரலைப் பார்த்துப் பழகிய இசை இது. ஆளை மாற்றுவது சுலபமல்ல.

2014ல் ஸ்ரீனிவாஸ் 45 வயதில் மறைந்தார். கணேஷ் ராஜகோபாலனின் வயலினோடு 2023ல் வெளியான ‘திஸ் மொமென்ட்’, 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

பானையின் கேள்வியை மகனின் கஞ்சிரா தொடர்ந்தது. தபலாவின் பதிலுக்குத்தான் ஆளில்லை.