டாஸ்க்பாரில் பெயரும் தெரியட்டும்!

கம்ப்யூட்டர் திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை இருக்கிறதல்லவா? அதுதான் டாஸ்க்பார். 1995-ல் விண்டோஸ் 95-உடன் இது வந்தபோது, திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு பட்டன் இருந்தது. அதில் சிறிய ஐகானும், பக்கத்திலேயே பெயரும் இருக்கும். 2009-ல் வந்த விண்டோஸ் 7, பெயரை மறைத்து ஐகானை மட்டும் காட்டியது. விரும்பினால் பெயரைத் திரும்ப வரவழைக்கலாம். 2021-ல் விண்டோஸ் 11 வெளியானபோது அந்த வசதியும் இல்லை. பலரும் கேட்ட பிறகு 2023-ல் அப்டேட் மூலம் திரும்பக் கிடைத்தது. ஆனால் நாம்தான் அதை இயக்க வேண்டும்.

ஐகான் மட்டும் போதாதா? என் அப்பா குடியிருப்போர் சங்கத்தின் கணக்கை எழுதுகிறார். போன வருட ஃபைல், இந்த வருட ஃபைல் இரண்டையும் திறந்து வைத்திருப்பார். இரண்டும் ஒரே ஐகானுக்குள் அடங்கிவிடும். ஒரு முறை இந்த மாத வசூலைப் போன வருட ஃபைலில் பதிந்துவிட்டு, பணம் எங்கே குறைகிறது என்று இரண்டு நாள் தேடினார். பெயர் தெரியும்படி வைத்த பிறகு அந்தக் குழப்பம் இல்லை.

பெயரை வரவழைக்க

டாஸ்க்பாரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' தேர்ந்தெடுங்கள். அதில் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியைத் திறந்தால் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்' என்று இருக்கும். அங்கே 'நெவர்' எனக் கொடுங்கள். இனி ஒவ்வொரு விண்டோவும் தனி பட்டனாக, பெயருடன் தெரியும். இடம் நிரம்பும்போது மட்டும் சேர்ந்துகொண்டால் போதும் என்பவர்கள் 'வென் டாஸ்க்பார் இஸ் ஃபுல்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். திறக்காத புரோகிராம்களுக்கு ஐகான் மட்டுமே தெரியும். அதன் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் பெயர் வரும்.

ஐகானை மாற்ற

டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட் மீது ரைட் கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' செல்லுங்கள். 'ஷார்ட்கட்' டேபில் 'சேஞ்ச் ஐகான்' பட்டனை அழுத்துங்கள். கிடைக்கும் படங்கள் பிடிக்கவில்லையா? 'ப்ரௌஸ்' அழுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள 'ஷெல்32' என்ற டிஎல்எல் ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஏராளமான ஐகான்கள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

ஷார்ட்கட்டின் பெயரை மாற்ற, அதை ஒரு முறை கிளிக் செய்து எஃப்2 கீயை அழுத்துங்கள். 'கடிதம் எழுத' என்று தமிழிலேயே வைக்கலாம். ஷார்ட்கட்டின் பெயரையும் ஐகானையும் மாற்றுவதால் அசல் புரோகிராமுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

ஒரு எச்சரிக்கை

இவ்வளவு சுலபமாக நாம் ஐகானை மாற்ற முடிகிறது என்றால், மற்றவர்களாலும் முடியும்தானே? வைரஸ் எழுதுபவர்கள் செய்வதும் இதைத்தான். புரோகிராம் ஃபைலுக்கு பிடிஎஃப் அல்லது ஃபோல்டர் ஐகானைப் போட்டு, மெயிலிலோ பென் டிரைவிலோ அனுப்பிவிடுவார்கள். படத்தை நம்பி டபுள் கிளிக் செய்தால் வைரஸ் இயங்கத் தொடங்கிவிடும்.

விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். அதைப் பார்க்க, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ' சென்று 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். மின்கட்டண பில் என்று வந்த ஃபைலின் பெயர் 'எக்ஸ்இ' என்று முடிந்தால் அது பில் அல்ல, புரோகிராம். திறக்காமல் அழித்துவிடுங்கள்.

ஐகானை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிளிக் செய்யும் முன் பெயரைப் படிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.