காட்டோரக் கொடியைப் படமெடுத்தால் என்ன பயன்?

சிங்கப்பூரின் காட்டோரங்களில் மரத்தையே போர்வைபோல மூடிக்கிடக்கும் கொடியைப் பார்த்திருப்பீர்கள். "பச்சைப்பசேல்னு அழகா இருக்கே!" என்று தோன்றும். ஆனால் அடியிலுள்ள மரத்துக்கு வெயில் கிடைக்காது.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சான்சிபார் வள்ளிக்கொடி அது. இலைக்காம்போரம் குட்டிக் கிழங்குகள் காய்த்து விழும்; ஒவ்வொன்றும் புதுக்கொடி ஆகலாம். மேலே வெட்டினாலும் மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் மறுபடி துளிர்க்கும். அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

அங்கேதான் உங்கள் கைபேசி உதவும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தோடு இடமும் தேதியும் பதிவாகும். என்ன உயிரினம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் ஒத்துப்போனால் அது 'ஆய்வுத் தரம்' பெறலாம். இலை, தண்டு, காய் என்று தனித்தனியாக எடுங்கள்; மங்கலான ஒரே படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

எறும்புத்தின்னியைப் பார்த்தால்? அருகிவரும் விலங்கு என்பதால் செயலியே துல்லியமான இடத்தை மறைத்துவிடும். வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டக்கூடாது, இல்லையா? நீங்களும் சமூக ஊடகத்தில் இடத்தைப் போட்டுவிடாதீர்கள்.

சரி, கொடியை நாமே பிடுங்கிடலாமா? வேண்டாம். இயற்கை வனப்பகுதியில் அனுமதியின்றிச் செடிகளைப் பறிப்பது குற்றம். ஆசையிருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியராகச் சேரலாம்.