மிக்ஸி வேண்டாம், மத்து போதும்... கற்பூரவல்லி மணக்கும் மேஷ்டு பொட்டேட்டோ!

புதுச்சேரியில் பிரெஞ்சு சாப்பாடு சாப்பிடப் போனால், மீனுக்கோ சிக்கனுக்கோ பக்கத்தில் வெண்ணெய் மினுமினுக்க ஒரு கரண்டி மேஷ்டு பொட்டேட்டோ இருக்கும். வாயில் வைத்ததும் கரையும். அதையே காலாப்பட்டு ரூமில், ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்தால் மட்டும் ஏன் போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி வருது?

குற்றவாளி பெரும்பாலும் மிக்ஸிதான். உருளைக்கிழங்கின் செல்களுக்குள் ஸ்டார்ச் இருக்கிறது. வெந்த கிழங்கை மென்மையாக மசித்தால் செல்கள் தனித்தனியாகப் பிரியும். பிளேடு பட்டால் செல்கள் உடைந்து ஸ்டார்ச் வெளியே வந்துவிடும். அவ்ளோதான், பசை ரெடி! அதனால் கீரை கடையும் மத்து போதும். இன்னும் நைஸாக வேண்டுமா? சூடாக இருக்கும்போதே சல்லடையில் வைத்துக் கரண்டியால் அழுத்தித் தேய்க்கலாம்.

தைமுக்குப் பதில் கற்பூரவல்லி

பிரெஞ்சு சமையலில் இதற்குத் தைம், ரோஸ்மேரி சேர்ப்பார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். தைம் இலைக்கு வாசம் தரும் தைமால், கார்வக்ரால் இரண்டும் நம்ம கற்பூரவல்லியிலும் இருக்கு. ஒரு தண்டை ஒடித்து தொட்டியில் நட்டாலே வளர்ந்துவிடும். வாசம் தூக்கல் என்பதால் 3 இலைக்கு மேல் வேண்டாம்.

2 பேருக்குத் தேவையானவை

உருளைக்கிழங்கு - அரை கிலோ, வெண்ணெய் - 50 கிராம், பால் - அரை டம்ளர், பூண்டு - 2 பல், கற்பூரவல்லி - 3 இலை, கொத்தமல்லி, மிளகுத்தூள், உப்பு.

நகத்தால் சுரண்டினாலே தோல் உரியும் புதுக்கிழங்கில் ஈரம் அதிகம். கொஞ்சம் பழைய கிழங்கு பெட்டர். பச்சை நிறம் ஏறியது, நிறைய முளைவிட்டது வேண்டவே வேண்டாம். அதில் சோலனைன் என்ற நச்சு இருக்கலாம்.

செய்முறை

1. தோல் சீவி, ஒரே அளவு துண்டுகளாக வெட்டி, உப்பு போட்ட பச்சைத் தண்ணீரிலேயே வேகவையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே குழைந்து, உள்ளே வேகாமல் நிற்கும். 15 முதல் 20 நிமிடம் ஆகும்.

2. தண்ணீரை வடித்து, அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். ஈரம் போனால்தான் வெண்ணெய் உள்ளே இறங்கும்.

3. வெண்ணெயை உருக்கி, தட்டிய பூண்டு, பொடியாக நறுக்கிய கற்பூரவல்லி போட்டு, நிறம் மாறாமல் ஒரு நிமிடம் சூடாக்குங்கள். மூலிகை எண்ணெய் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் வாசம் முழுவதும் வெண்ணெயில் இறங்கிடும்.

4. கிழங்கை மசித்து, முதலில் இந்த வெண்ணெய், பிறகு சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மிளகு தூவி, அடுப்பை அணைத்த பிறகே கொத்தமல்லி. சூட்டில் அதன் வாசம் பறந்துவிடும்.

வெண்ணெய் அதிகமோ என்று பயமா? பிரெஞ்சு செஃப் ஜோயல் ரோபுஷோனின் புகழ்பெற்ற ரெசிப்பியில் ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். நாம் போடுவது அதில் பாதிக்கும் குறைவு!

ஒரு கைதியின் கிழங்கு

ஒருகாலத்தில் பிரான்ஸிலேயே உருளைக்கிழங்கு என்றால் முகம் சுளித்தார்கள். ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவில் கைதியாக இருந்தபோது அதைச் சாப்பிட்டுப் பழகிய அந்துவான் பர்மாந்தியே என்ற மருந்தாளர்தான், ஊர் திரும்பி அதற்காக வாதாடினார். 1772-ல் பாரிஸ் மருத்துவர்கள் குழு, இது உண்ணத் தகுந்தது என்று அறிவித்தது. கொத்துக்கறியின் மேல் மசித்த உருளையைப் போர்த்திச் செய்யும் உணவுக்கு இன்றும் 'அஷி பர்மாந்தியே' என்றுதான் பெயர்.

நீங்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். காரமான மீன் வறுவலோ ஆம்லெட்டோ பக்கத்தில் இருந்தால் போதும். ஒருவேளை பசையாகிட்டா? திரும்ப சரிசெய்ய முடியாது. பிரெட் தூள், பச்சை மிளகாய் சேர்த்து கட்லெட் தட்டிடுங்க!