நடுப்பக்கமும் கத்தரிக்கோலும்: சினிமா இதழ்களின் வடிவமைப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும் திருவிழாவுக்காக, காவி உடுத்தி நடந்தே வருகிற கூட்டம் வேளாங்கண்ணியை நிறைத்துவிடும். எண்பதுகளின் இறுதியில் அப்படியொரு திருவிழா நாளில், பஸ் நிற்குமிடத்தை ஒட்டிய ஒரு புத்தகக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் கண்ணாடிச் சட்டமிட்ட மாதா படங்கள். இந்தக் கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட சினிமா இதழ்கள். இரண்டு கடைகளுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. நேருக்கு நேர் நம்மையே பார்க்கிற முகம், பின்னணியில் அழுத்தமான ஒற்றை நிறம், முகத்தைச் சுற்றி ஒளி.

எதை மேலே மாட்டுவது, எதைக் கீழே அடுக்குவது என்பதற்குக் கணக்கு ஏதும் உண்டா என்று கடைக்காரரைக் கேட்டேன். "மேல தொங்கறது நின்னு பாக்கறவுங்களுக்கு சார். கீழ அடுக்குனது வாங்கறவுங்களுக்கு. நின்னு பாக்கறவுங்கதான் அதிகம். அதுக்காக அவுங்கள வெரட்ட முடியுமா?" என்றார்.

விரட்ட முடியாது. ஆனால் நம் விமர்சனங்கள் அவர்களை விரட்டித்தான் வைத்திருக்கின்றன. வெகுஜன சினிமா இதழ்களைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் நாம் எழுதியதெல்லாம் அவற்றின் எழுத்தைப் பற்றியது: கிசுகிசு, துதிபாடல், மசாலா. பக்கம் எப்படி அமைக்கப்பட்டது, யாருடைய கண்ணுக்காக அமைக்கப்பட்டது என்ற கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்கவில்லை. வாசிப்பவன் மட்டுமே வாசகன் என்று எண்ணியதால் வந்த வினை இது.

2

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட தொன்மங்கள் பற்றிய நூலில் ஒரு புகழ்பெற்ற இடம் உண்டு. முடிதிருத்தும் கடையில் அவர் கையில் ஒரு படப் பத்திரிகை தரப்படுகிறது. அட்டையில் பிரெஞ்சு ராணுவ உடையணிந்த கறுப்பின இளைஞன் ஒருவன் சல்யூட் அடிக்கிறான். அந்த ஒரே படம், ஒரு வார்த்தையும் பேசாமல், பிரெஞ்சுப் பேரரசு எந்த நிறபேதமும் பார்ப்பதில்லை என்ற கதையைச் சொல்லிவிடுகிறது என்று விளக்கிக்கொண்டு போகிறார். கோட்பாடு பிறந்த இடம் ஒரு சலூன் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்ச் சலூன்களிலும் அதே வேலைதான் நடந்துவந்தது. நாம்தான் அங்கே தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டோம்.

இதழின் அளவு, தாள், விலை, எழுத்தின் பருமன், படத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான பங்கீடு ஆகிய ஒவ்வொன்றும் 'நீ இதைத் தொடலாம்' என்றோ 'இது உனக்கில்லை' என்றோ சொல்கின்றன. முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே வாசகர் தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது.

3

1942இல் தொடங்கிய 'பேசும் படம்' தன் பெயருக்கேற்பப் படங்களையே முன்னிறுத்தியது. எழுத்தச்சுக் காலத்தில் ஒரு புகைப்படத்தை அச்சேற்ற வேண்டுமானால் அதற்குத் தனியே உலோகத்தில் பிளாக் செய்தாக வேண்டும். அதைச் சாதாரண நியூஸ்பிரிண்டில் அடித்தால் புள்ளிகள் கலங்கி முகம் கரிப்பூச்சாகிவிடும். வழவழப்பான ஆர்ட் தாளில்தான் கன்னத்தின் நிழலும் கண்ணின் ஒளியும் நிற்கும். ஆக, நட்சத்திரத்தின் 'பொலிவு' என்று நாம் சொல்வதில் பாதி அந்தத் தாளின் விலை.

1947இல் வந்த பி. ஆர். எஸ். கோபாலின் 'குண்டூசி' வேறு வழியில் போனது. அதன் பலம் கேள்வி-பதில். கேள்வி-பதில் பக்கத்தையும் வடிவமைப்பாகவே பார்க்க வேண்டும். கேட்டவர் பெயர், பக்கத்திலேயே ஊர்ப் பெயர். நட்சத்திரத்தின் பெயர் அச்சான அதே பக்கத்தில் திருத்துறைப்பூண்டியும் வேதாரண்யமும் அச்சாகின்றன. வரப்பில் நின்று படம் பார்க்கக் கிளம்பிய ஒருவனுக்குத் தன் ஊர் அச்செழுத்தில் கிடைப்பது சின்ன விஷயமா என்ன?

1966இல் 'பொம்மை'யைத் தொடங்கிய பி. நாகிரெட்டி 'சந்தமாமா'வை, அதாவது நம் 'அம்புலிமாமா'வை, நடத்தியவர். விஜயா நிறுவனத்தின் தயாரிப்பாளர். குழந்தைகளுக்கான வண்ணப்பட அச்சில் தேர்ந்த கை சினிமா இதழைத் தொட்டபோது கிடைத்தது, வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடிய ஒரு சினிமா இதழ். சினிமா பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைத்த நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் கூடத்தில் கிடந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெயரே சாட்சி: பொம்மை யாரையும் பயமுறுத்துவதில்லை.

ரசிகர்களுக்கென்றே வந்த இதழ்கள், உதாரணத்துக்குச் சின்ன அண்ணாமலையின் 'சிவாஜி ரசிகன்', இன்னொரு வகை. அங்கே அட்டையின் வேலை ஆளை ஈர்ப்பதல்ல, அவன் ஏற்கனவே யார் பக்கம் என்பதை அறிவிப்பது. கையில் அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பதே ஒரு கட்சி கட்டல்.

4

இதற்கு எதிர்முனையில், படமே தேவைப்படாத ஓர் இதழ்வகையும் இருந்தது. லட்சுமிகாந்தனின் 'இந்துநேசன்' நட்சத்திரங்களின் அந்தரங்கம் என்று சொல்லப்பட்டதை விற்றது. 1944 நவம்பரில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அந்த வழக்கில் தண்டனை பெற்று 1947இல் விடுதலையானார்கள். பிற்காலக் கிசுகிசுப் பக்கத்துக்கென்று ஒரு வடிவமைப்பு இலக்கணம் உருவானது: பெயர் சொல்லாமல் 'மூன்றெழுத்து நடிகை', முகம் காட்டாமல் கறுப்பு நிழலுருவம். மறைப்பதுபோல் காட்டுவது. வாசகனை ஊகிக்க வைத்து உடந்தையாக்குவது.

இத்தகைய இதழ்களை 'மஞ்சள் பத்திரிகை' என்கிறோம். 1890களில் நியூயார்க் நாளிதழ்களின் போட்டியில், மஞ்சள் அங்கி போட்ட ஒரு கார்ட்டூன் சிறுவனை ஒட்டிப் பிறந்த சொல் அது. ஒரு நிறம் ஒழுக்கத் தீர்ப்பாக மாறிவிட்டது. ஆனால் பாரிஸில் 1951இல் தொடங்கிய 'கையே து சினிமா' என்ற தீவிர சினிமா இதழின் ஆரம்பகால அட்டையும் மஞ்சள்தான். உலக சினிமா ரசிகர்களுக்கு அந்த மஞ்சள் ஒரு புனித நிறம். மஞ்சள் என்பதற்குச் சொந்தமாக அர்த்தம் ஏதுமில்லை. யார் யாருக்காக அச்சிடுகிறார்கள் என்ற உறவுக்குள்தான் அது ஆபாசமாகவோ அறிவாகவோ ஆகிறது.

5

இனி நடுப்பக்கத்துக்கு வருவோம். பின் அடித்த இதழில் நடு இரண்டு பக்கங்கள் மட்டுமே ஒரே தாளாக விரியும். பின்னை நிமிர்த்தினால் கிழியாமல் கழன்று வரும். அதில் எழுத்து இருக்காது, இருந்தாலும் ஓரத்தில் ஒரு பெயர். ஏனென்றால் அந்தப் பக்கம் படிப்பதற்காக அச்சிடப்பட்டதல்ல, எடுப்பதற்காக அச்சிடப்பட்டது. அதன் கடைசி வடிவமைப்பாளர் சென்னையில் இல்லை, கையில் கத்தரிக்கோலும் கோதுமைப் பசையும் வைத்திருந்த யாரோ ஒருவர்.

அப்படம் டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்ளே போகிறது. சலூன் கண்ணாடிக்கு மேல் போகிறது. இந்தத் தஞ்சைச் சீமையின் டீக்கடை பெஞ்சில் எல்லோரும் உட்கார முடியாத காலம் ஒன்று இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து இதழைப் புரட்ட முடியாதவரின் குடிசைச் சுவருக்கும் அந்த வெட்டிய படம் போய்ச் சேர்ந்தது. அங்கே மாதா படத்துக்கோ முருகன் படத்துக்கோ பக்கத்தில் அது ஒட்டப்பட்டது. சிவகாசி அச்சகங்களின் காலண்டர்கள் பழக்கிவைத்திருந்த கண்ணுக்கு, நேராகப் பார்க்கும் முகம் புதிதல்ல. சினிமா இதழின் அட்டை அந்தப் பழகிய பார்வையைத்தான் கடன் வாங்கியது. இதை 'அறியாமை' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எழுத்து எட்டாத இடத்தில் ஒரு மனிதர் தன் சுவரைத் தானே எடிட் செய்கிறார் என்றும் பார்க்கலாம்.

இதற்காக அந்த இதழ்களைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. நடுப்பக்கத்தில் விரிக்கப்பட்டது பெரும்பாலும் பெண்ணுடல். யாருடைய பார்வைக்கு என்பதில் ஒளிவுமறைவு இல்லை. இதழும் சும்மா வந்துவிடவில்லை, டிக்கெட் விற்கத்தான் வந்தது.

ஆனால் நம் பக்கம் திரும்பிப் பார்த்தால்? கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் போட்ட அட்டை, பொடி எழுத்து, ஓரம் விடாத பத்தி, படமே இல்லாத சினிமாக் கட்டுரை. காசில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஏழ்மையை நாம் ஒரு தோரணையாகவும் ஆக்கிக்கொண்டோம். அலங்காரமின்மையும் ஓர் அலங்காரம்தான். 'உனக்குப் புரியாது, தொடாதே' என்று அது சொல்லியது, சொல்லியவர்களுக்குத் தெரியாமலே. அந்த வேளாங்கண்ணிக் கடையின் கயிற்றில் நம் இதழ் எதுவும் தொங்கவில்லை. தொங்கியிருந்தால் மட்டும் யார் நின்று பார்த்திருப்பார்கள்?

'பேசும் பட'மும் 'பொம்மை'யும் இன்று வருவதில்லை. கைபேசித் திரையில் யூடியூப் வீடியோக்களின் முகப்புப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன: வாய் பிளந்த முகம், சிவப்பு அம்பு, தடித்த மஞ்சள் எழுத்து, பெயர் சொல்லாத 'அந்த நடிகை'. இலக்கணம் பழையதுதான். ஒன்று மட்டும் போய்விட்டது. அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்ட முடியாது. நின்று பார்க்கிறவர்கள் இன்றும் நிற்கிறார்கள், ஆனால் படத்தைக் கையில் எடுத்து வேறொன்றாக மாற்றும் அந்தச் சிறிய அதிகாரம் அவர்களிடம் இப்போது இல்லை.